விழுந்ததைச் சொல்லிவிடு

“அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது” என்பது நம் முன்னோர் மொழி. தேரின் உயரம், சக்கரங்களின் அகலம், வடம் பிடிப்போரின் தொகை ஆகிய அனைத்தும் ஒரு சாண் இரும்பை நம்பியே நிற்கின்றன. அந்த இரும்பு தன் இடத்தில் இருக்கும் வரை அதனை எவரும் நினைப்பதில்லை. கழன்று விழுந்த அன்றுதான் ஊரே குனிந்து அதைத் தேடுகிறது. சின்னஞ்சிறு பொருள்களின் தலைவிதி எக்காலத்தும் இதுவே போலும்.

தேர்களோடு எனக்குப் பழக்கம் குறைவு. கைக்கருவிகளோடு நிரம்ப உண்டு. திருச்சிராப்பள்ளியில் ஒரு சிறு பட்டறை வைத்து, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கருவிகளைப் பழுதுபார்த்து வருகிறேன். தச்சரின் டிரில், இழைப்புளி, மெக்கானிக்கின் ராட்செட் ஸ்பானர், குழாய் வேலை செய்வோரின் பைப் ரெஞ்சு எனப் பலவும் என் மேசைக்கு வரும். இத்தொழில் எனக்குத் தந்தையார் வழியில் வந்தது. அவர், 1928-ஆம் ஆண்டு நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்குக் கொண்டுவரப்பட்ட பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். ரயில் எஞ்சின்களோடு நாளெல்லாம் போராடிவிட்டு வீடு திரும்பி, அக்கம்பக்கத்தாரின் கருவிகளை விளக்கொளியில் சரிசெய்து கொடுப்பார். அவர் கைக்கு ஒளி காட்டிய சிறுவன் நான்.

“பழுதுபார்க்கும் வேலையில் மிகவும் கடினமானது எது?” என்று நண்பர்கள் வினவுவது உண்டு. துருவேறிய திருகாணியைக் கழற்றுவது, தேய்ந்த பல்லைச் சீர்செய்வது என்று ஏதேனும் சொல்வேன் என எதிர்பார்ப்பார்கள். “தரையைப் பார்ப்பது” என்பதே என் விடை. முதலில் சிரிப்பார்கள். ஒரு நாள் பட்டறையில் என்னோடு உட்கார்ந்திருந்தால் சிரிக்கமாட்டார்கள்.

மறைந்து நிற்பவை

ராட்செட் ஸ்பானரை எடுத்துக்கொள்வோம். வாகனப் பட்டறைகளில் நட்டுகளை விரைவாகக் கழற்றவும் முடுக்கவும் பயன்படுகிற, கையில் கனக்கும் எஃகுத் தண்டு அது. அதன் தலைக்குள் பல்வெட்டிய சக்கரம் ஒன்று உண்டு. 72 பற்கள் உள்ள சக்கரமாயின், கைப்பிடியை 5 பாகை அசைத்தாலே அடுத்த பல்லில் சென்று பற்றிக்கொள்ளும். கை நுழைய இடமில்லாத எஞ்சின் மூலையிலும் வேலை நடப்பது இதனால்தான். பல்லைப் பற்றும் கொண்டியைச் சக்கரத்தின்மேல் எந்நேரமும் அழுத்தி வைத்திருப்பதோ, அரிசி மணியைவிடச் சற்றே பெரிய ஒரு ஸ்பிரிங். முனையில் மாட்டிய சாக்கெட் கழன்றுவிடாமல் தடுப்பது, மிளகளவே உள்ள ஓர் எஃகுக் குண்டு. அந்த ஸ்பிரிங் போய்விட்டால் கொண்டி பல்லைப் பற்றாது. கைப்பிடி இருபுறமும் வீணே சுற்றும். பளபளப்பான அக்கருவி வெறும் இரும்புத் துண்டாகிவிடும்.

தச்சர்கள் கையால் சுற்றும் டிரில்லின் செய்தியும் இத்தகையதே. பிட்டைப் பற்றும் சக்கினுள் மூன்று தாடைகள் உள்ளன. பழைய வகைக் கருவிகளில் அத்தாடைகளுக்கிடையே மூன்று சிறு ஸ்பிரிங்குகள் இருக்கும். சக்கைத் தளர்த்தும்போது தாடைகளைச் சம இடைவெளியில் விரித்து நிறுத்துவது அவற்றின் பணி. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் தாடை சாயும்; பிட்டு நடுவில் நில்லாது; துளை கோணலாகும். தேக்குக் கதவில் கீல் பொருத்த வேண்டிய இடத்தில் துளை கோணலானால், அந்த நட்டத்தை ஸ்பிரிங்கின் விலையைக் கொண்டா கணக்கிடுவது?

இக்கருவிகளை என்னிடம் கொண்டுவருவோர் பெரும்பாலும் அவற்றைக் கொண்டே அன்றாடம் உண்பவர்கள். கருவி என் மேசையில் கிடக்கும் நாள் அவர்களுக்குக் கூலியில்லாத நாள். ஆகவே, விழுந்த ஸ்பிரிங்கைத் தேடும்போது நான் தேடுவது ஒரு குடும்பத்தின் மறுநாள் சோற்றை என்றே எனக்குத் தோன்றும்.

பறப்பதும் விழுவதும்

சிறு உறுப்புகள் தொலையும் வழிகள் இரண்டு. ஒன்று, கைதவறி விழுவது. மற்றொன்று, ஸ்பிரிங்கின் விசையால் பறப்பது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் தேடுவோர் வீணே அலைவர்.

கைதவறிய நட்டு பெரும்பாலும் காலடியிலேயே கிடக்கும். வாஷர் மட்டும் விளிம்பில் நின்று உருண்டு, வளைந்து ஓடி, ஏதேனும் ஒரு மூலையில் சாயும். பறக்கும் பொருளோ வேறு வகை. ஒரு சென்டிமீட்டர் அமுக்குவதற்கு அரைக்கிலோ எடை தேவைப்படும் ஸ்பிரிங் ஒன்றைக் கருதுங்கள். அதன் முன்னால் இருக்கும் குண்டு கால் கிராம் எடைதான். ஸ்பிரிங்கையும் சேர்த்தால் அரைக் கிராம். அமுக்கிய விசை முழுவதும் ஓட்டமாக மாறினால், அது விநாடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 90 சென்டிமீட்டர் உயரமுள்ள மேசையிலிருந்து கிடையாகப் பாய்ந்தால், தரையைத் தொடுமுன் 4 மீட்டர் கடந்துவிடும். அதன் பிறகு துள்ளுவதும் உருள்வதும் தனிக்கணக்கு.

இக்கணக்கை அறியாதவர், கதவருகே பறந்ததைக் காலடியில் தேடுவர். காலடியில் விழுந்ததைக் கதவருகே தேடுவர்.

வருமுன் காப்பதே அறிவுடைமை. ஸ்பிரிங் உள்ள தலையைத் திறக்கும்போது, கருவியையும் இரு கைகளையும் ஒரு பெரிய கண்ணாடித்தாள் பைக்குள் வைத்துக்கொண்டு திறப்பது எங்கள் வழக்கம். பறப்பது பைக்குள்ளேயே அடிபட்டு விழும். மேசைமேல் வெள்ளைத் துணி விரிப்போம். கழற்றிய உறுப்புகளை, முட்டை அடுக்கும் அட்டையின் குழிகளில் கழற்றிய வரிசைப்படியே வைப்போம். குழி ஒன்று காலியாக இருந்தால், கேட்காமலே கண்ணில் படும். நகைவேலை செய்யும் பொற்கொல்லர்கள் இதனை நமக்கு முன்பே அறிந்தவர்கள். அவர்கள் தம் பட்டறையின் குப்பையை எளிதில் வீசியெறிவதில்லை. பொற்கொல்லர் தெருக்களின் மண்ணை அள்ளி, நீரில் அலசிப் பொன் துகள் எடுத்தே பிழைக்கும் மக்களும் உண்டு. ஒருவருடைய தரையில் விழுந்தது மற்றொருவருக்கு வாழ்வாகிறது.

தேடும் முறை

எவ்வளவு காத்தாலும் சில விழத்தான் செய்யும். அப்போது செய்ய வேண்டிய முதற்செயல், ஒன்றும் செய்யாமல் நிற்பது. பதறி எழுந்து ஓரடி வைத்தால், செருப்பின் அடிப்பள்ளத்தில் அப்பொருள் ஒட்டிக்கொண்டு வீடுவரை நம்மோடு வந்துவிடும். அசையாமல் நின்று ஓசையைக் கேட்க வேண்டும். தகரத்தில் பட்ட ஓசை வேறு, மரத்தில் பட்ட ஓசை வேறு, சிமெண்டில் துள்ளிய ஓசை வேறு. ஓசையே கேட்கவில்லையெனில், அது தரைக்கு வரவேயில்லை என்பது பெரும்பாலும் உறுதி. அப்போது தேட வேண்டிய இடம் நம் உடைதான். சட்டைப்பை, மடித்துக்கட்டிய லுங்கியின் மடிப்பு, காற்சட்டையின் கீழ்மடிப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அடுத்து, கருவியின்மேல் அப்பியிருக்கும் கிரீஸ், வைஸின் இடுக்கு, காந்தமேறிய திருப்புளியின் முனை. ஊரெல்லாம் தேடிய பொருள் நம் மடியிலேயே இருப்பது பழமொழியில் மட்டும் நிகழ்வதன்று.

அடுத்தது ஒளி. மேலிருந்து விழும் வெளிச்சத்தில் சிறு பொருள் தரையோடு தரையாகிவிடும். பட்டறை விளக்குகளை அணைத்துவிட்டு, டார்ச் விளக்கைத் தரையிலேயே படுக்கவைத்து மெல்லத் திருப்ப வேண்டும். கடுகளவு குண்டுக்கும் விரலளவு நிழல் நீளும். பொருளைத் தேடாமல் நிழலைத் தேடினால் போதும்.

பிறகு காந்தம். அதனை வெறுமனே தரையில் இழுத்தால் இரும்புத் தூள் முழுவதும் அப்பிக்கொள்ளும். ஒரு காகிதத்தில் சுற்றி இழுத்தபின் காகிதத்தை உருவினால், ஒட்டியவை எல்லாம் ஓரிடத்தில் உதிரும். ஆயினும் பித்தளைத் திருகாணிக்கும் அலுமினிய வாஷருக்கும் காந்தத்தோடு உறவில்லை. துருப்பிடிக்காத எஃகு வகைகளிலும் பல ஒட்டா. அவற்றுக்குத் துடைப்பமும் சல்லடையுமே துணை. சுவரிலிருந்து நடுவை நோக்கிக் கூட்டி, குப்பையைச் சலிக்க வேண்டும்.

இத்தனைக்கும் அகப்படாவிடில், இன்னொரு வழி உண்டு. தொலைந்ததைப் போன்ற மற்றொன்றை அதே இடத்திலிருந்து அதே விதமாக விழச்செய்து, அது எங்கே ஓடுகிறது என்று பார்ப்பது. இரண்டாவது குண்டு முதற்குண்டின் அருகே போய் நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பார்ப்பதற்கு ஆளை நிறுத்தாமல் மட்டும் இதைச் செய்யக் கூடாது, இரண்டும் போய்விடும்!

நற்செய்தியில், பத்து நாணயங்களுள் ஒன்றைத் தொலைத்த பெண் விளக்கை ஏற்றினாள், வீட்டைக் கூட்டினாள், கவனமாய்த் தேடினாள் என்று நாம் கேட்டிருக்கிறோம். பட்டறைக்காரனுக்கு அந்த வரிசை மாறாத வரிசையாகவே படுகிறது.

போலிருப்பது அதுவாகாது

“ஒரு திருகாணிக்கு இத்தனை பாடா? கடையில் வேறொன்று வாங்கிப் போட்டால் ஆயிற்று” என்று சிலர் நினைக்கலாம். வாங்க முடிந்தால் வாங்கலாம். ஆனால் பழைய கருவிகளின் திருகாணிகள் அவ்வளவு எளிதில் பிடிபடுவன அல்ல.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் விட்வொர்த் என்பார் 1841-ஆம் ஆண்டில் திருகுமரைகளுக்கு ஓர் ஒழுங்கான அளவுமுறையை வகுத்தார். மரையின் கோணம் 55 பாகை. அளவுகள் அங்குலக் கணக்கில். நம் நாட்டிற்கு வந்த பழைய ஆங்கிலக் கருவிகள் பலவற்றில் இம்மரையே உள்ளது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இந்தியா மெட்ரிக் அளவுகளுக்கு மாறியது. இன்று கடையில் கிடைக்கும் மெட்ரிக் திருகாணியின் மரைக்கோணம் 60 பாகை. கால் அங்குலத் திருகாணியின் குறுக்களவு 6.35 மில்லிமீட்டர், அதற்கு நெருக்கமான மெட்ரிக் திருகாணி 6 மில்லிமீட்டர். கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் உடன்பிறப்புகள் போலிருக்கும். உள்ளே விட்டாலும் ஓரிரு சுற்று செல்லும். பிறகு இறுகும். வலிந்து முறுக்கினால் கருவியின் மரையே அழிந்துபோகும். புகழ்பெற்ற ஸ்டான்லி இழைப்புளிகளிலோ, வழக்கமான அளவு எதற்கும் இசையாத தனி மரைகள் உண்டு. அத்திருகாணி ஒன்று தொலைந்தால், லேத்தில் புதிதாகக் கடைந்தெடுப்பதைத் தவிர வேறு வழி அரிது.

‘பார்வைக்கு ஒத்திருக்கிறது’ என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1990-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலிருந்து ஸ்பெயின் நாட்டுக்குப் புறப்பட்ட பயணியர் விமானம் ஒன்று, ஏறத்தாழ 17,300 அடி உயரத்தில் சென்றுகொண்டிருந்தபோது, விமானியின் முன்னால் இருந்த கண்ணாடி பெயர்ந்து பறந்தது. காற்று விமானியைப் பாதியுடல் வெளியே இழுத்துவிட்டது. உடனிருந்த பணியாளர்கள் அவருடைய கால்களைப் பற்றிக்கொண்டார்கள். துணை விமானி விமானத்தைச் சவுத்தாம்ப்டனில் இறக்கினார். விமானியும் பயணியர் அனைவரும் உயிர் பிழைத்தனர். காரணத்தை ஆராய்ந்தபோது, சிறிது காலத்திற்கு முன்புதான் அக்கண்ணாடி மாற்றப்பட்டது தெரியவந்தது. அதைப் பொருத்திய 90 போல்ட்டுகளில் 84, வேண்டிய குறுக்களவைவிட ஏறத்தாழ 0.66 மில்லிமீட்டர் சிறியவை. எஞ்சிய 6 போல்ட்டுகள் நீளம் குறைந்தவை. மங்கிய வெளிச்சத்தில், எண்ணைச் சரிபாராமல், பழைய போல்ட்டோடு கண்ணளவில் ஒப்பிட்டு எடுக்கப்பட்டவை அவை.

ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத வேறுபாடு அது. கண் ஏமாந்தது, காற்று ஏமாறவில்லை.

ஐம்பது ரூபாய்

இனி நான் சொல்லப்போவது, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞன் என்னிடம் வேலைக்கு வந்தான். பத்தொன்பது வயது. அதற்கு முன் வேறோர் ஊர்ப் பட்டறையில் ஈராண்டு வேலை பார்த்தவன். பொறுமையும் கைத்திறனும் ஒருங்கே வாய்த்தவன். அவன் சேர்ந்த அன்று, புதிதாக வரும் எவரிடமும் சொல்வதையே அவனிடமும் சொன்னேன்: “தம்பி, எது விழுந்தாலும், பறந்தாலும், ‘விழுந்தது’ என்று உரக்கச் சொல்லிவிடு. எல்லாரும் அசையாமல் நிற்போம். அதற்காகக் கூலியில் பிடித்தம் கிடையாது.” என் தந்தையாரிடமிருந்து வந்த விதி அது. அவன் தலையசைத்தான்.

ஏழு மாதங்கள் கழிந்தன. ஒரு முறையேனும் அவன் வாயிலிருந்து அச்சொல் வரவில்லை. அவன் கருவிகளில் எதுவும் குறையவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு முதிய தச்சரின் கைட்ரில்லை அவன் பிரித்துத் துடைத்துப் பூட்டி வைத்திருந்தான். திங்கட்கிழமை காலை கொடுக்க வேண்டும். ஒப்படைக்கும் முன் ஒவ்வொன்றையும் நானே ஓட்டிப் பார்ப்பேன். பிட்டை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினேன். பிட்டின் முனை ஒரே இடத்தில் நில்லாமல் சிறு வட்டமிட்டது. சக்கைக் கழற்றினேன். மூன்று ஸ்பிரிங்குகளில் இரண்டு பழுப்பேறியிருந்தன. மூன்றாவது வெள்ளி போலப் பளபளத்தது. பால்பாயின்ட் பேனாவினுள் இருக்கும் ஸ்பிரிங்கை நறுக்கி அங்கே வைத்திருந்தான்.

“தம்பி, பழையது எங்கே?”

மறுமொழி இல்லை. அவன் கை சட்டைப்பைக்குள் சென்றது. மடித்த ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான்.

“எவ்வளவு அண்ணே பிடிப்பீர்கள்? இது போதாவிட்டால் இந்த வாரக் கூலியில் கழித்துக்கொள்ளுங்கள். வேலையைவிட்டு மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.”

அவன் முன்பு வேலை பார்த்த இடத்தில், தொலைந்த ஒவ்வொரு வாஷருக்கும் விலைபோட்டு வாரக் கூலியில் கழிப்பார்களாம். வசவு வேறு. பாதிக் கூலியோடு வீடு திரும்பிய சனிக்கிழமைகள் உண்டாம். வீட்டில் அவன் கையை எதிர்பார்த்திருந்தவர்கள் தாயும், பள்ளிக்குச் செல்லும் தங்கையும். இங்கே பிடித்தம் இல்லை என்று நான் சொன்னதை அவன் காது கேட்டிருந்தது, நெஞ்சு நம்பவில்லை.

தாளை எடுத்து அவன் பையிலேயே வைத்தேன். “முதலில் விளக்கை எடு” என்றேன்.

பட்டறை விளக்குகளை அணைத்தோம். டார்ச்சைத் தரையில் படுக்கவைத்தோம். கருவி அடுக்கின் பின்புறத்தில் ஒளி விழுந்ததும், சுவரோரம் வரிசையாகச் சில நிழல்கள் நீண்டன. சர்க்லிப்புகள் இரண்டு, பித்தளைத் திருகாணி ஒன்று, வாஷர்கள் மூன்று. அவனுடைய முகம் வெளுத்தது. ஏழு மாதங்களில் அவன் கையிலிருந்து தவறியவை அவை. எவரும் காணாதபடி காலால் அடுக்குக்குப் பின்னே தள்ளியிருந்தான். பிறகு, உணவு நேரத்தில் வன்பொருள் கடைக்குச் சென்று, அதே அளவுள்ளதைத் தன் சொந்தக் காசில் வாங்கிப் பொருத்தியிருந்தான். கருவிகள் குறையின்றி ஓடியதன் காரணம் அதுதான். கடையில் கிடைக்காத ஒரு பொருள் முதன்முறையாகத் தொலைந்தபோது, போக்கிடமின்றித் தன் பேனாவை உடைத்திருக்கிறான்.

எட்டடி தூரத்தில், என் கண்முன்னே, ஒரு பிள்ளை ஏழு மாதங்களாக அச்சத்திற்குத் தண்டம் கட்டிவந்திருக்கிறான். அவன் தேடியிருந்தால் அரை நிமிடத்தில் கிடைத்திருக்கக் கூடியவை அவை. தேடினால் தொலைந்தது தெரிந்துவிடும் என்பதால், தேடவும் அவனுக்குத் துணிவில்லை.

அந்த ஸ்பிரிங் அன்று கிடைக்கவில்லை, இன்றுவரையும் கிடைக்கவில்லை. இருவருமாக அமர்ந்து ஒன்றைச் செய்தோம். எஃகுக் கம்பியைத் தண்டில் சுற்றிவிட்டால், கையை விட்டதும் அது சற்று விரிந்துகொள்ளும். ஆதலால் வேண்டிய அளவைவிடச் சிறிய தண்டில் சுற்ற வேண்டும். இரண்டு முறை அளவு பிசகியது. மூன்றாம் முறை, மற்ற இரண்டு ஸ்பிரிங்குகளோடு சமமாக நின்றது. பிட்டின் முனை அசையாமல் சுழன்றபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது.

திங்கட்கிழமை தச்சர் வந்தார். உள்ளே ஒரு ஸ்பிரிங் தொலைந்துவிட்டதையும், அதற்கு ஈடாக நாங்களே ஒன்றைச் செய்து வைத்திருப்பதையும் அவரிடம் சொன்னோம். அவர் டிரில்லை வாங்கி, ஒரு மரத்துண்டில் துளையிட்டுப் பார்த்தார். துளைக்குள் விரல் நுனியை விட்டுத் தடவினார். “சொன்னீர்களே தம்பி, அது போதும். சொல்லாமல் கொடுத்திருந்தால், என்றைக்காவது இது பிசகும்போது என் கையைத்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்” என்றார். இளைஞன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அதன் பிறகும் இரண்டு வாரம் ஆயிற்று. ஒரு நாள் பிற்பகல், மேசையின் மறுபுறத்திலிருந்து, காதில் விழுந்தும் விழாததுமாக ஒரு குரல் வந்தது: “அண்ணே, விழுந்தது.” ஒரு வாஷர். மேசைக் காலருகிலேயே கிடந்தது. குனிந்து எடுத்துக் குழியில் வைத்தான். வேறொன்றும் நிகழவில்லை. அந்த ‘ஒன்றும் நிகழாமை’தான் அவனுக்குப் பெரிய நிகழ்ச்சி என்பதை அவன் முகத்தில் கண்டேன். இன்று அவன் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். அங்கு ‘விழுந்தது’ என்ற குரல் தெருவரைக்கும் கேட்கும்.

இல்லமும் ஒரு பட்டறையே

தவறைச் சொன்னவனைத் தண்டிப்பதால் தவறு குறைவதில்லை, மறைவிடங்களே பெருகுகின்றன என்பதை வானூர்தித் துறையினரும் உணர்ந்தார்கள். அமெரிக்காவில் 1976-ஆம் ஆண்டில், விமானிகளும் பணியாளர்களும் தம் பிழைகளைத் தாமே எழுதித் தெரிவிக்கும் ஏற்பாடு ஒன்று தொடங்கப்பட்டது. அக்கடிதங்களைப் பெறுவது தண்டிக்கும் அதிகாரமுள்ள துறையன்று. நாசா என்னும் விண்வெளி நிறுவனம். எழுதியவரின் பெயர் நீக்கப்படும். வேண்டுமென்று செய்யாத பிழையைப் பத்து நாள்களுக்குள் தெரிவித்தவருக்கு அபராதத்திலிருந்து சலுகையும் உண்டு. ஒருவர் சொன்ன பிழையால் ஆயிரம் பேர் காக்கப்படுவர் என்பதே அதன் கருத்து.

நம் இல்லங்களை எண்ணிப் பார்ப்போம். பெண்குழந்தையின் கம்மலில் உள்ள திருகாணியைவிடச் சிறிய பொருள் வீட்டில் இல்லை. பள்ளியில் விளையாடும்போது அது விழுந்துவிடுகிறது. வீட்டில் சொன்னால் அடி விழும் என்று குழந்தை கூந்தலை இழுத்துக் காதை மறைத்துக்கொள்கிறது. மறுநாளோ அதற்கு மறுநாளோ, பிடிப்பில்லாத கம்மலே எங்கோ விழுந்துவிடுகிறது. திருகாணி போனது விளையாட்டினால். கம்மல் போனது அச்சத்தினால். அன்றே சொல்லியிருந்தால், பொற்கொல்லர் அந்த மரைக்கு ஏற்ற திருகாணி ஒன்றைச் செய்து கொடுத்திருப்பார்.

கம்மலோடு இது முடிவதில்லை. தேர்வில் குறைந்த மதிப்பெண்ணை மறைக்கும் மகன், வாங்கிய கடனை மனைவியிடம் சொல்லாத கணவன், நெஞ்சுவலியை மக்களிடம் சொல்லாத தாய் ஆகியோரும் ஏதோ ஒன்றைக் காலால் அடுக்குக்குப் பின்னே தள்ளியவர்களே. தள்ளிய அன்று அது வாஷர் அளவுதான். ஒவ்வொருவரும் தம் சொந்தக் காசில், சொந்தத் தூக்கத்தில், அதற்கு ஈடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஈடு கட்ட முடியாத பொருள் தொலையும் நாளில்தான் வீட்டாருக்குத் தெரியவருகிறது.

இதனால் கவனக்குறைவுக்கு இடங்கொடுக்கச் சொல்கிறேன் என்று எவரும் கருத வேண்டாம். வெள்ளைத் துணி விரிக்கவும், கண்ணாடித்தாள் பைக்குள் வைத்துத் திறக்கவும் நான் கண்டிப்பாகவே கற்பிக்கிறேன். அதற்கெல்லாம் நேரம் உண்டு. ஆனால் பொருள் விழுந்த அந்த நொடி, கற்பிப்பதற்குரிய நேரமன்று. அது தேடுவதற்குரிய நேரம். அந்த நொடியில் நாம் எழுப்பும் குரலைப் பொறுத்தே, அடுத்த முறை விழுவதை நம்மிடம் சொல்வதா மறைப்பதா என்று பிள்ளை முடிவு செய்கிறது.

ஆகவே, பெற்றோரே, முதலாளிமாரே, உங்கள் பிள்ளையோ பணியாளோ தயங்கித் தயங்கி வந்து, “ஒன்று தொலைந்துவிட்டது” என்று சொல்லும் நாள் வரும். கேட்க வேண்டிய கேள்விகள் பல இருக்கும். அவை காத்திருக்கட்டும். முதலில் விளக்கை எடுங்கள். அவர்களோடு நீங்களும் தரையில் குனியுங்கள்.